பெருவுக்குப் புறப்படுமுன்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

பெரு நாட்டுக்குப் போக நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் விமானக் கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். அங்கிருந்து தொடங்கக் கூடாது என்பதைக் குடும்பத்தோடு ஒருமுறை சென்று வந்தும், பிறகு உறவினர் சிலருக்கு ஏற்பாடுகளில் உதவியும் தெரிந்துகொண்டேன். இன்கா மக்கள் மலைமேல் கட்டிய பழைய நகரமான மாச்சு பிச்சுவில் நுழைவுச்சீட்டு கிடைக்கும் நாள், அந்த நாளுக்கு முன் உடல் மலை உயரத்துக்குப் பழக வேண்டிய இரவுகள், விசா, தடுப்பூசி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவற்றை வரிசை மாற்றிச் செய்தால் பணம் வீணாகும். சில வேளைகளில் உடம்பும் கெடும். இந்தியக் கடவுச்சீட்டுடன் சென்னையிலிருந்து புறப்படும் ஒருவர், தலைநகர் லீமா, மலை நகரமான குஸ்கோ, மாச்சு பிச்சு ஆகிய இடங்களைப் பத்து அல்லது பன்னிரண்டு நாட்களில் பார்த்துத் திரும்புவதை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குறைந்தது நான்கு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், நமக்குக் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே குளிர்காலம் நெருங்குகிறது. ஆண்டிஸ் மலைப்பகுதியில் அதுவே மழையில்லாத காலமும் ஆகும். மே முதல் செப்டம்பர் வரை குஸ்கோவைச் சுற்றி வானம் தெளிந்திருக்கும். பகலில் நல்ல வெயில் அடிக்கும். இரவில் குளிர் உறைநிலையை ஒட்டி இறங்கும். நவம்பரில் பிடிக்கும் மழை ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மிகக் கடுமையாக இருக்கும். 2010ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் பெய்த மழையில் மாச்சு பிச்சுவுக்குச் செல்லும் ரயில் பாதை அறுந்துபோய், ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. மாச்சு பிச்சுவுக்கு நான்கு நாள் நடந்து செல்லும் இன்கா நடைபாதை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முழுவதும் மூடப்படுகிறது.

வறண்ட காலத்திலும் எல்லா நாட்களும் ஒன்றல்ல. ஜூன் 24 அன்று குஸ்கோவில் இந்தி ராய்மி என்னும் சூரியத் திருவிழா நடக்கிறது. ஜூலை 28, 29 ஆகியவை அந்நாட்டின் விடுதலைத் திருநாட்கள். இவ்விரு சமயங்களிலும் விடுதி வாடகை ஏறும், ரயிலில் இடம் கிடைப்பது அரிது. மே மாதம் நம் பள்ளி விடுமுறையோடு ஒத்துப்போவதால் குழந்தைகளோடு செல்வோருக்கு அதுவே நல்ல காலம். மற்றவர்களுக்குச் செப்டம்பரைப் பரிந்துரைப்பேன். லீமா நகரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. கடலோரப் பாலைநிலத்தில் இருக்கும் அந்நகரில் ஜூன் முதல் அக்டோபர் வரை சூரியனைக் காண்பதே அபூர்வம். வானம் சாம்பல் நிறமாகவே இருக்கும், ஆனால் குடை பிடிக்கும் அளவுக்கு மழை பெய்யாது.

விசாவும் விமான வழியும்

இந்தியர்கள் பெருவுக்குச் செல்ல விசா வேண்டும். அதைப் புது தில்லியிலுள்ள பெருத் தூதரகம் வழங்குகிறது. 2017ஆம் ஆண்டு முதல் ஒரு முக்கியமான விலக்கு நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் விசா குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாகக் கையில் இருந்தாலோ, அந்நாடுகளில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி பெற்றிருந்தாலோ, சுற்றுலாவுக்குத் தனி விசா தேவையில்லை. அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர் பலரிடம் பத்தாண்டு விசா இருக்கிறது; இந்த வசதி தங்களுக்கு உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அந்த விசா பழைய கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருந்தால், பழையதையும் புதியதையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு வாங்குமுன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்து, அதன் அச்சுப்படியையும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையத்தில் பெருவுக்குச் செல்பவர் மிகக் குறைவு. முகப்பில் இருக்கும் ஊழியர் இந்த விலக்கை அறியாமல் தயங்கும்போது, வாதத்தைவிட அந்தத் தாள் விரைவாக வேலை செய்யும்.

விலக்கு இல்லாதவர்கள் வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் ஆவணம், அலுவலக விடுப்புக் கடிதம், விடுதி மற்றும் விமான முன்பதிவு ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். இந்த முன்பதிவுகள் ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும். விசா கைக்கு வருமுன், திரும்பப் பெற முடியாத சீட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து தென்னமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. மாட்ரிட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் ஆகிய ஐரோப்பிய நகரங்களிலிருந்து லீமாவுக்கு நேரடியாகப் பறக்கலாம். துபாய் அல்லது தோஹா வழியாகப் பிரேசிலின் சாவ் பாவ்லோ சென்று அங்கே மாறலாம். அமெரிக்கா வழியாகவும் போகலாம். இவற்றில் அமெரிக்க வழி, அந்நாட்டு விசா உள்ளவர்களுக்கு மட்டுமே. விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அங்கே குடிவரவுச் சோதனையைக் கடந்து, பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். ஐரோப்பாவில் சில நாடுகள், விமான நிலையத்தை விட்டு வெளியே வராத இந்தியரிடமும் இடைவழி விசா கேட்கின்றன. சில நாடுகள் கேட்பதில்லை. ஆகவே வழியை முதலில் முடிவு செய்து, இடையில் இறங்கும் நாட்டின் விதியைப் பார்த்து, அதன் பிறகே பணம் கட்ட வேண்டும். முழுப் பயணத்தையும் ஒரே சீட்டாக வாங்குவது பாதுகாப்பானது. தனித்தனிச் சீட்டுகளாக வாங்கி, முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்துக்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியை எடுக்கவே இடைவழி நாட்டுக்குள் நுழைய வேண்டிய சங்கடமும் நேரும்.

பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும்

தமிழர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். நம் கடவுச்சீட்டுகளில் சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டம் வெறுமையாக இருக்கும். சிலருக்குத் தலைப்பெழுத்தே பெயரின் பகுதியாக இருக்கும். சிலருக்குத் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். பெருவிலோ ஒருவருக்கு வழக்கமாகத் தந்தை வழி, தாய் வழி என இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. அங்குள்ள இணையப் படிவங்கள் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட அனுமதிக்காமல் போகலாம். விமானச் சீட்டு, மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டு, ரயில் சீட்டு ஆகிய எல்லாவற்றிலும் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் அச்சாகின்றன. நுழைவிடத்தில் அசல் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எனவே முதலில் விமான நிறுவனத்திடம் கேட்டு, பெயரை எப்படிப் பிரித்து எழுதுவது என்று முடிவு செய்து, அதே முறையை எல்லாப் படிவங்களிலும் ஓர் எழுத்தும் பிசகாமல் பின்பற்றுங்கள். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் இந்த முன்பதிவுகளுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். பயண முடிவுக்குப் பின்னும் ஆறு மாதம் அது செல்லத்தக்கதாக இருக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

லீமாவுக்கும் குஸ்கோவுக்கும் மாச்சு பிச்சுவுக்கும் மட்டும் செல்பவருக்கு மஞ்சள் காய்ச்சல் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்நோய் ஆண்டிஸுக்குக் கிழக்கே தாழ்வான அமேசான் காட்டுப் பகுதியில்தான் இருக்கிறது. அப்படியிருக்க இந்த ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதனால் இந்தியச் சுகாதாரத் துறை இவ்விதியை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது. பெரு, பிரேசில், கொலம்பியா, ஈக்வடார், பொலிவியா முதலிய நாடுகளிலிருந்து புறப்பட்ட ஆறு நாட்களுக்குள் இந்தியா வந்து சேர்பவரிடம் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால், அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்படலாம். போகும்போது எவரும் கேட்காமல் விட்டாலும், திரும்பும்போது கேட்பார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஊசியை ஏதோ ஒரு மருத்துவமனையில் போட்டுக்கொண்டால் செல்லாது. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து ஆய்வு நிலையமும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் இதற்கு உரியவை. முன்பதிவு செய்துகொண்டு, அசல் கடவுச்சீட்டுடன் செல்ல வேண்டும். சான்று, ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். ஆகவே புறப்படும் வாரத்தில் ஓடுவதில் பயனில்லை. 2016ஆம் ஆண்டு ஜூலை முதல் இச்சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி மாற்றப்பட்டது. ஆப்பிரிக்காவில் பணிபுரிந்தபோது போட்டுக்கொண்ட ஊசியின் மஞ்சள் புத்தகம் உங்களிடம் இருந்தால் அதுவே போதும், தேடி எடுத்துவையுங்கள்.

இது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட நச்சுயிரியால் ஆன ஊசி. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஒன்பது மாதத்துக்குட்பட்ட குழந்தைகள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்கள் ஆகியோருக்கு இது பொதுவாக உகந்ததல்ல. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு, முதன்முறை போடும்போது கடுமையான பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், மருத்துவரிடம் பேசாமல் போடக் கூடாது. பெற்றோரை அழைத்துச் செல்ல விரும்பும் பிள்ளைகள் இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி போட முடியாதென்று மருத்துவர் சொன்னால், பயணச்சீட்டு வாங்குமுன் துறைமுகச் சுகாதார அலுவலரிடம் நேரில் விளக்கம் கேளுங்கள்.

மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டு

பதினைந்தாம் நூற்றாண்டில் இன்கா அரசர் பச்சகூத்தியின் காலத்தில் எழுந்ததாகக் கருதப்படும் இந்த நகரம், 1983இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கற்கள் தேய்வதைத் தடுக்க, நாளொன்றுக்கு வழக்கமாக 4,500 பேர், நெரிசல் மிகுந்த குறிப்பிட்ட நாட்களில் 5,600 பேர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பெருக் கலாசார அமைச்சின் இணையதளமே அதிகாரப்பூர்வ விற்பனை இடம். அடிவார ஊரான ஆகுவாஸ் கலியென்டெஸில் ஒரு பகுதிச் சீட்டுகள் நேரில் விற்கப்படுகின்றன என்றாலும், உலகின் மறுபக்கத்திலிருந்து வருபவர் அதை நம்பி வரக் கூடாது.

2024 ஜூன் முதல் மூன்று சுற்றுப்பாதைகள் நடைமுறையில் உள்ளன. எந்தப் பாதைக்குச் சீட்டு வாங்கினீர்களோ அதில் மட்டுமே நடக்க முடியும். முதல் பாதை மேலிருந்து முழு நகரையும் காட்டுகிறது, ஆனால் கட்டடங்களுக்கு நடுவே அழைத்துச் செல்வதில்லை. இரண்டாம் பாதை, நாமெல்லாம் படத்தில் பார்த்த அந்தக் காட்சியையும் காட்டி, நகருக்குள்ளும் அழைத்துச் செல்கிறது. முதன்முறை செல்பவர் இதைத்தான் வாங்க வேண்டும், இதுதான் முதலில் தீர்ந்தும் போகிறது. மூன்றாம் பாதை கீழ்ப்பகுதியைச் சுற்றுகிறது; படிகள் குறைவு என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றது. வைனா பிச்சு சிகரத்தில் ஏற விரும்புவோருக்கான சீட்டு இந்த மூன்றாம் பாதையோடு சேர்ந்தது.

இரண்டாம் பாதைக்கு எந்த நாளில் இடம் கிடைக்கிறதோ, அந்த நாளை மையமாக வைத்து மற்ற நாட்களை முன்னும் பின்னும் அடுக்குங்கள். சீட்டு உறுதியான அன்றே பள்ளத்தாக்கு ஊரான ஒயான்தாய்தாம்போவிலிருந்து ஆகுவாஸ் கலியென்டெஸுக்குச் செல்லும் ரயிலையும் பதிவு செய்துவிடுங்கள். அந்த ஊருக்குச் சாலை இணைப்பு இல்லை. ரயிலில் செல்ல வேண்டும், இல்லையேல் நடக்க வேண்டும். ஊரிலிருந்து மேலே செல்லும் பேருந்து அரை மணி நேரத்தில் நுழைவாயிலுக்குக் கொண்டு சேர்க்கும். உள்ளே கழிப்பறை கிடையாது. பெரிய பையும், ரப்பர் முனை இல்லாத ஊன்றுகோலும், செல்ஃபி குச்சியும் அனுமதிக்கப்படுவதில்லை. இன்கா நடைபாதையில் நடக்க விரும்புவோர் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகவே செல்ல முடியும். சுமை தூக்குவோர், வழிகாட்டிகள் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி என்பதால், வறண்ட காலத்துக்குப் பல மாதங்கள் முன்பே இடம் பிடிக்க வேண்டும்.

மலை உயரத்துக்கு உடலைப் பழக்குதல்

இந்தப் பயணத்தைக் கெடுக்கக்கூடியவற்றில் முதலிடம் உயரத்துக்குத்தான். உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் மிக உயர்ந்த தொட்டபெட்டா 2,637 மீட்டர். குஸ்கோ நகரமோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, தமிழ்நாட்டில் நாம் ஏறக்கூடிய எந்த மலையையும்விட உயரமான இடத்தில் இறங்கி, அங்கேயே உண்டு உறங்கப் போகிறோம். கடல் மட்டத்திலுள்ள லீமாவிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடல் அதற்கு ஈடுகொடுக்கச் சில நாட்கள் வேண்டும். அந்த நாட்களைத் தராவிட்டால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, காரணமில்லாத சோர்வு தொடங்கும். உள்ளூர் மக்கள் இதைச் 'சொரோச்சே' என்பார்கள். இளமையும் உடற்பயிற்சியும் இதற்குக் காப்பல்ல. நாள்தோறும் ஓடுகிற இளைஞர் படுத்துவிட, அவருடைய தாயார் இயல்பாக நடமாடியதைப் பார்த்திருக்கிறேன்.

மாச்சு பிச்சு குஸ்கோவைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்வாக, 2,430 மீட்டரில் இருக்கிறது. இடையிலுள்ள உருபாம்பா, ஒயான்தாய்தாம்போ ஆகிய பள்ளத்தாக்கு ஊர்கள் 2,800 மீட்டரை ஒட்டியவை. ஆகவே குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகருக்குள் விடுதி எடுக்காமல், காரில் நேரே பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். அங்கே இரண்டு இரவு, ஆகுவாஸ் கலியென்டெஸில் ஓர் இரவு, மாச்சு பிச்சு பார்த்த பிறகு குஸ்கோவில் இரண்டு மூன்று இரவு என்று அடுக்கினால், உயரமான இடத்தில் உறங்கும் நாட்கள் கடைசியில் வரும். உடலும் அதற்குள் பழகியிருக்கும். பயண நிறுவனங்கள் தங்கள் வசதிக்காக இதைத் தலைகீழாகப் போட்டுத் தருவது வழக்கம். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஐயாயிரம் மீட்டரைத் தாண்டும் வினிகுன்கா என்னும் வண்ண மலைக்குப் போவதாக இருந்தால், அது பயணத்தின் கடைசி நாட்களில்தான் இருக்க வேண்டும். வயதானவர்களையும் குழந்தைகளையும் அங்கே அழைத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது.

அசெட்டசோலமைடு என்னும் மாத்திரை உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்துகிறது; வழக்கமாக ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். இது மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து. சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனிகள் மரத்துக் கூசுவதும், சிறுநீர் அடிக்கடி போவதும் இதன் இயல்பான விளைவுகள் என்பதை முன்பே அறிந்திருந்தால் பயம் வராது. இதய நோய், ஆஸ்துமா, இரத்தச்சோகை உள்ளவர்கள் இந்தப் பயணத்துக்காகவே ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாட்கள் மெதுவாக நடந்து, குறைவாக உண்டு, நிறையத் தண்ணீர் குடித்து, மதுவையும் தூக்க மாத்திரையையும் தவிர்க்க வேண்டும்.

இரத்தத்திலுள்ள பிராணவாயு அளவைக் காட்டும், கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைப் பலர் எடுத்துச் செல்கிறார்கள். குஸ்கோவில் நலமாக இருப்பவருக்கே அது 90ஐ ஒட்டியோ, சற்றுக் கீழேயோ காட்டும். சென்னையில் பார்த்த 97ஐ மனத்தில் வைத்துக்கொண்டு கலங்க வேண்டாம். எண்ணைவிட அறிகுறியைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நுரையோடு இருமல், நேராக நடக்க முடியாமல் தள்ளாடுதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே பிராணவாயு கொடுத்து, மருத்துவரிடம் காட்டி, தாழ்வான இடத்துக்கு இறங்கிவிட வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, நீங்கள் செல்லப்போகும் உயரம் வரை அது செல்லுமா, அவசரமாக வேறு ஊருக்குக் கொண்டுசெல்லும் செலவும் அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள். இன்கா நடைபாதையின் உச்சிக் கணவாய் 4,215 மீட்டர்.

பணம்

பெருவின் நாணயம் சோல். இந்திய ரூபாயை அங்கே மாற்ற முடியாது. அமெரிக்க டாலரை நோட்டாகவும், அட்டையாகவும் கொண்டுசெல்வதே வழி. ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துச் செல்ல ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. நோட்டில் சிறு கிழிசலோ, பேனாக் கோடோ, முத்திரையோ இருந்தால் பெருவில் எவரும் வாங்க மாட்டார்கள். எனக்கு இங்கே நாணயம் மாற்றிக் கொடுத்த ஓர் இடத்தில் பெற்ற நூறு டாலர் நோட்டுகளில் இரண்டு, ஓரத்தில் மெல்லிய கிழிசல் இருந்ததால், சென்ற இடமெல்லாம் திருப்பித் தரப்பட்டு, அப்படியே வீடு வந்து சேர்ந்தன. முகப்பிலேயே ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். அங்கே மாற்றும்போது சாலையோரத் தரகரை விட்டு, கடையில் மாற்றுங்கள். கள்ள நோட்டுப் புழக்கம் உண்டு. 100, 200 சோல் நோட்டுகளுக்குச் சில்லறை கிடைப்பது கடினம்.

இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தொடக்கத்தில் முடக்கப்பட்டிருக்கும். செயலியில் சென்று திறந்துவிட வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தி அங்கே வராவிட்டால் ரயில் சீட்டுக்கூட வாங்க முடியாமல் போகலாம் என்பதால், இந்திய எண்ணுக்கு ரோமிங் வசதியைக் குறைந்த அளவிலாவது வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இயந்திரம் டாலரா, சோலா என்று கேட்டால் சோல் என்று சொல்லுங்கள். பலர் அறியாத ஒன்று: பெருவில் வசிக்காத வெளிநாட்டவர் 60 நாளுக்குட்பட்டுத் தங்கும்போது, விடுதி வாடகையில் 18 விழுக்காடு விற்பனை வரி அவர்களுக்கு இல்லை. கடவுச்சீட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் விடுதியில் காட்ட வேண்டும். வரி சேர்த்துக் கணக்குப் போட்டால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

உணவு

சைவ உணவு உண்பவர்கள் பெருவில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். உருளைக்கிழங்கு தோன்றிய மண் அது. ஆயிரக்கணக்கான வகைகள் விளைகின்றன, உலக உருளைக்கிழங்கு ஆய்வு மையமே லீமாவில்தான் இருக்கிறது. சோறும் நாள்தோறும் உண்ணப்படுகிறது; திங்கட்கிழமையில் பருப்பு சமைப்பது பல வீடுகளில் வழக்கம். சிக்கல் சொல்லில் இருக்கிறது. 'கார்னே' என்றால் இறைச்சி என்றாலும், பேச்சு வழக்கில் அது மாட்டிறைச்சி போன்றவற்றை மட்டுமே குறிக்கும். 'கார்னே வேண்டாம்' என்று சொன்னால் கோழியோடு தட்டு வரும். ஆகவே 'ஸின் கார்னே, ஸின் போயோ, ஸின் பெஸ்காதோ', அதாவது இறைச்சியும் கோழியும் மீனும் இல்லாமல் என்று மூன்றையும் சொல்ல வேண்டும். சூப் பெரும்பாலும் கோழிச் சாற்றில் செய்யப்படுவதால் அதைத் தனியே கேளுங்கள். முட்டையும் உண்ணாதவர்கள் 'ஸின் வேவோ' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வரிகளை ஸ்பானிய மொழியில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் சமையலறை வரை அது போய்ச் சேரும்.

அவித்த உருளைக்கிழங்கின்மேல் மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்து ஊற்றித் தரும் 'பாப்பா ஆ லா வான்காயீனா', பெரிய மணிச் சோளத்தை அவித்துப் பாலாடைக்கட்டியோடு தருவது, கீன்வா என்னும் தானியக் கஞ்சி, 'சீஃபா' எனப்படும் சீன உணவகங்களின் வறுத்த சோறு ஆகியவை நம் நாக்குக்கு ஒத்துவரும். நம் சீத்தாப்பழத்தின் நெருங்கிய உறவான சிரிமோயாவைத் தவறவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். வீட்டிலிருந்து எடுத்துச் செல்வது, கடையில் வாங்கி முத்திரை உடைக்காத பொட்டலமாக இருக்கட்டும். பழம், விதை, பச்சைக் கறிவேப்பிலை போன்றவை வேளாண் சோதனையில் தடுக்கப்படும்.

பெட்டியும் கைபேசியும்

உடையை அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும்படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் காலையில் கம்பளியும் நண்பகலில் பருத்தியும் வேண்டியிருக்கும். மலையில் வெயிலின் சூடு தெரியாமலே தோல் கருகிவிடும் என்பதால் தொப்பியும் வெயில் களிம்பும் தேவை. ஆகுவாஸ் கலியென்டெஸில் கண்ணுக்குத் தெரியாத சிறு கடிப்பூச்சிகள் உண்டு; முழுக்கால் உடையும் பூச்சி விரட்டியும் உதவும். மின்சாரம் 220 வோல்ட். நம்முடைய மெல்லிய உருண்டை இருமுனைச் செருகி பல இடங்களில் பொருந்தும், மும்முனைச் செருகி பொருந்தாது. கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய் இருக்காது. சிறு குவளையோ புட்டியோ எடுத்துச் செல்லுங்கள். தாளைத் தொட்டியில் போடாமல் பக்கத்திலுள்ள கூடையில் போடுவது அங்குள்ள வழக்கம். அன்றாட மருந்துகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள்.

சென்று சேர்ந்த பிறகு

லீமா விமான நிலையத்தில் 2025 ஜூன் முதல் புதிய முனையம் இயங்குகிறது. வெளியே நிற்பவர் அழைக்கும் டாக்சியில் ஏறாமல், செயலி வழியாகவோ, விடுதி அனுப்பும் வண்டியிலோ செல்லுங்கள். நம் நாட்டைவிடப் பத்தரை மணி நேரம் பின்தங்கிய நேரம் அது. முதல் நாளில் ஓய்வைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். லீமாவில் கைபேசிப் பறிப்பு அதிகம். தெருவில் நின்று வரைபடம் பார்ப்பதைத் தவிர்த்து, கடைக்குள் சென்று பாருங்கள். காவல்துறைக்கு 105, மருத்துவ ஊர்திக்கு 106. லீமாவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அதன் எண்ணைத் தாளிலும் எழுதிவையுங்கள். அரசியல் போராட்டங்கள் சாலையையும் ரயிலையும் திடீரென நிறுத்திவிடுவதுண்டு. 2023 ஜனவரி 21 முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை மாச்சு பிச்சுவே மூடப்பட்டிருந்தது. எனவே தாயகம் திரும்பும் விமானத்துக்கு முன் லீமாவில் ஒரு முழு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். குஸ்கோ விமானம் தவறினாலும் அந்த நாள் உங்களைக் காக்கும்.

திரும்பும்போது

குஸ்கோவில் விடுதிக்குள் நுழைந்ததும் கோகெய்ன் எடுக்கப்படும் செடியான கோக்காவின் இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது சட்டப்படியான, நூற்றாண்டுகளாகப் பழகிய பானம்; குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதற்குப் பின் சில நாட்களுக்கு மருத்துவச் சோதனையில் போதைப்பொருள் தடயம் தெரியக்கூடும் என்பதை, பணியிடத்தில் அத்தகைய சோதனை உள்ளவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கடைகளில் அழகிய பெட்டிகளில் விற்கும் கோக்காத் தேநீர்ப் பைகளையும் மிட்டாய்களையும் ஊருக்கு வாங்கிவராதீர்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலை இடம்பெற்றிருக்கிறது. இடைவழி நாடுகளிலும் அது குற்றமே. உறவினருக்குக் கொண்டுவர அல்பாக்கா என்னும் விலங்கின் கம்பளியும் கொக்கோவும் இருக்கின்றன.

பெட்டியை ஒப்படைக்குமுன் மஞ்சள் காய்ச்சல் புத்தகத்தைக் கைப்பைக்கு மாற்றிவிடுங்கள். சென்னையில் இறங்கியதும் குடிவரவு வரிசைக்கு முன்பே சுகாதார மேசை இருக்கும், பெட்டி வந்துசேர்வதோ அந்த வரிசையைக் கடந்த பிறகுதான்.